எஃகனின் கிழிந்த முழங்கால்

என் சித்தப்பாவுக்கு வேலை, எஃகனாக நிற்பது. சூரியநெல்லிக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் மற்ற எல்லோரும் கொழுந்து எடுத்தார்கள், மருந்து அடித்தார்கள், என் அப்பாவைப் போல ஃபேக்டரியில் தேயிலையோடு தேயிலையாக வெந்தார்கள். சித்தப்பா ஒருவர்தான் காலையில் ஜீப்பில் இறங்கிப் போய், பஸ் மாறி, மாட்டுப்பட்டி போகிற சாலையில் இருந்த ஒரு பூங்காவில் பத்து மணி முதல் ஐந்து மணி வரை ரோபோவாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். ஸ்கூலில் வீட்டில் யார் என்ன வேலை என்று கேட்டால், யாரும் கேட்காத சித்தப்பாவின் வேலையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

எஃகன் ஒரு படத்தில் வருகிற ரோபோ. ஒரு படம் என்றா சொன்னேன்? அப்போதே ஐந்து பாகம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் மாற்றி மாற்றிப் போடுவார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் தமிழ் பேசுவார்கள். அவர்களிலும் நல்ல தமிழ் பேசுவது எஃகன்தான். ஊரே இடிந்து விழுந்துகொண்டிருக்கும்போது, "அஞ்ச வேண்டாம் மானிடரே, என் பின்னால் நில்லுங்கள்" என்பான். எங்கள் லயத்தில் யாரும் யாரையும் மானிடரே என்று கூப்பிட்டதில்லை. அதனாலேயே அந்தச் சொல்லுக்கு உடம்பு சிலிர்க்கும்.

எஃகன் முதல் அடியை அடிக்கமாட்டான். ஆபத்துக்கும் ஆட்களுக்கும் நடுவே போய் நின்றுகொள்வான், அவ்வளவுதான். நெஞ்சில் ஆரஞ்சு விளக்கு எரியும். எல்லோரும் தப்பித்த பிறகு துண்டு துண்டாகி விழுவான், விளக்கு அணையும். முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். பிறகு, அடுத்த பாகத்தில் யாராவது ஒரு விஞ்ஞானி துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து எழுப்பிவிடுவார் என்று தெரிந்துவிட்டதால் அழுவதை விட்டுவிட்டேன்.

சித்தப்பாவின் எஃகன் ஃபோமால் ஆனவன். வெள்ளி பெயின்ட் அடித்த கனமான ஃபோம். கால் இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். போட்டுக்கொண்டால் நடக்கலாம், ஓட முடியாது. தலை தனி. அதற்குள் வியர்க்காமலிருக்க ஒரு குட்டி ஃபேன், படத்தின் பாட்டு ஓடிக்கொண்டே இருக்க ஒரு ஸ்பீக்கர். எஃகனின் கண்கள் சும்மா விளக்குகள். உள்ளே இருப்பவர் அவன் வாய் இடுக்கு வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும். ஒரு தடவை அப்பா என்னைக் கூட்டிப் போனபோது, அந்த இடுக்கு வழியாக சித்தப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அங்கே வந்திருந்த பட்டணத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் காலைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். எங்கள் சித்தப்பாவின் கால் அது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது.

அங்கே சொல்லாததை லயத்தில் வந்து சொன்னேன். பக்கத்து லயத்து செல்வராணி நம்பவில்லை.

"எஃகன் எட்டடி இருப்பான். உங்க சித்தப்பா எங்கப்பாவ விடக் குட்டை" என்றாள்.

"உள்ள இருக்கறது அவருதான். என்னையப் பாத்துக் கண்ணடிச்சாரு."

"கண்ணடிச்சாராம்ல. உங்க சித்தப்பா அங்க கூட்டிப் பெருக்குறாராம், எங்கம்மா சொல்லிச்சு."

கூட இருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் மூன்று பேர் சிரித்தால் உலகமே சிரித்த மாதிரி. அன்று ராத்திரி சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு அடி கொடுத்துப் பார்த்துவிட்டு, "உன் அருமைப் பிள்ளைய நீயே கேளு" என்று சித்தப்பாவிடம் விட்டுவிட்டாள். அவருக்குப் பிள்ளை கிடையாது. பக்கத்து வீடுதான். அவர் கதவைத் தட்டி நான் கேட்டு, அவர் இல்லையென்று சொன்னதாக ஒரு விஷயம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.

"அந்த உடுப்ப வெளிய கொண்டாரக் கூடாது பாப்பா. மேனேஜர் சீட்டக் கிழிச்சிருவாரு" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு லீவு, கழுவித் துடைக்க மட்டும் ஆட்கள் போவார்கள், அன்றைக்குப் பெரிய பையில் போட்டுக் கொண்டுவந்து மறுநாள் காலையில் வைத்துவிடலாம் என்றார்.

"ஜீப்புல வந்தா எல்லாப் பயலும் பையில என்னான்னு கேப்பான். பஸ்ஸுல இருந்து எறங்கிக் குறுக்கு வழியில வாரேன். கீழ யூக்காலிக் காட்டுக்குள்ள உடுப்ப மாட்டிக்கிட்டு, நாலரை மணிக்குப் பெரட்டுக்களத்துக்கு நேரா ஏறி வருவேன். நீ உன் கூட்டாளிகள அங்க வெச்சிரு. எதுக்குன்னு சொல்லிறாத. சித்திகிட்டகூட வழியச் சொல்லாத, அவ பயந்தாங்குளி."

பெரட்டுக்களம் என்பது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மைதானம். சாயங்காலம் எங்களுக்கு விளையாடுகிற இடம்.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் மலைக்காரி இல்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தென்னந்தோப்பும் வயலும் உள்ள வீட்டில் பிறந்தவள். மலம்புழையில் ஏதோ ஒரு பார்க்கில் சித்தப்பா கரடி வேஷம் கட்டிக்கொண்டிருந்த நாளில் பார்த்துப் பழகி, வீட்டை விட்டு இவரோடு வந்துவிட்டாள். அவள் வீட்டார் தலை முழுகிவிட்டார்கள். லயத்துப் பெண்கள் அவள் பேச்சைப் பழித்துக் காட்டுவார்கள். "போலாமுங்க", "ஊட்டுல இருக்கோணும்" என்று ராகம் போட்டு இழுப்பார்கள். ஆனால் ரவிக்கை தைக்க அவளிடம்தான் வருவார்கள். வீட்டில் ஒரு தையல் மிஷின் வைத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்கூல் விட்டு நான் வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள். மூன்றரை மணிக்கு வீட்டில் அம்மாவைப் பார்ப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. கூடை வாசலில் பாதி நிறைந்தபடி கிடந்தது.

"ஒத்தக் கொம்பன் யானை வந்துருக்கானாம். கீழ யூக்காலிக் காட்டோரமா நிக்கானாம். ஃபாரஸ்ட் வாட்சர் வந்து எல்லாரையும் மேல ஏத்தி விட்டுட்டாரு. அங்கிட்டு எட்டிப் பாத்த, காலை ஒடிச்சிருவேன்" என்றாள்.

சித்தி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் இங்கேயும் அங்கேயும் நடந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் டவர் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உடுப்பு வரப்போவதும் அது எனக்காக என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஏங் கண்ணு, உன்ற சித்தப்பன் ஜீப்புலதான வர்றேன்னு சொன்னாரு?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்பச் செரி. ஜீப்புல வந்தா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்தாள்.

யானையைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மை இல்லை. தோன்றியது. வழியைச் சொன்னால் எல்லோரும் போய் அவரைத் தடுத்து, உடுப்பில்லாமல் வெறும் சித்தப்பாவாகக் கூட்டிவந்துவிடுவார்கள் என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது. செல்வராணி பார்த்துக்கொண்டிருக்கும்போது எஃகன் கையை நீட்டி அந்த யானையை நிறுத்திக் காட்டினால் எப்படி இருக்கும் என்று. எஸ்டேட்டில் பிறந்த பிள்ளை நான். யானை மிதித்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எஃகன் விழுந்து எழுந்ததையும் நாலு தடவை பார்த்திருக்கிறேன்.

அம்மா அடுப்படிக்குப் போன நேரம் நழுவினேன். செல்வராணியையும் மற்ற இருவரையும் ஓடிப்பிடித்து விளையாடலாம் என்று பெரட்டுக்களத்துக்குக் கூட்டிப் போனேன். யானை கீழேதானே நிற்கிறது, இங்கே மேலே நமக்கென்ன என்று அவர்களும் வந்துவிட்டார்கள். அங்கே வேறு யாரும் இல்லை. கீழே தேயிலைச் சரிவில் பாதிக்குமேல் பனி ஏறி மூடியிருந்தது. யூக்காலி மரங்களின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. விளையாட்டில் எனக்குப் புத்தி போகவில்லை. இரண்டு தடவை லேசாகப் பிடிபட்டேன்.

முதலில் விளக்குதான் தெரிந்தது. பனிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு. அது மெதுவாக மேலேறி வந்தது. பிறகு தலை, தோள், அகன்ற வெள்ளி நெஞ்சு. தேயிலைச் செடிகள் இடுப்பு வரை மறைத்ததால் கால் இருப்பதே தெரியவில்லை; செடிகளுக்கு மேலே மிதந்து வருகிற மாதிரி வந்தான். சரிவுக்கும் பனிக்கும் நடுவே அவன் எட்டடிதான் இருந்தான். சத்தியமாக எட்டடி.

செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எஃகன்டி" என்றாள். என் வாழ்நாளில் அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

நாங்கள் நான்கு பேரும் கத்தினோம். அவர் கையைத் தூக்கி ஆட்டினார். அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து வாட்சர் ஓடி வந்தார். "ஏய், யாரது, ஓடு, ஓடு" என்று அடித்தொண்டையில் கத்தினார். லயத்துப் பக்கமிருந்து தட்டு, சட்டி, தகரம் எல்லாம் தட்டுகிற சத்தம் வந்தது. சித்தப்பாவுக்கு அது எதுவும் கேட்டிருக்காது. தலைக்குள் ஃபேனும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டிருந்தாலும், ஊரே திரண்டு வந்து ஆரவாரம் செய்கிறது என்று நினைத்திருப்பார். மறு கையையும் தூக்கி ஆட்டினார்.

அவருக்கு இடது பக்கம் பனி கறுத்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வெள்ளையாக இருந்த இடம் கறுத்து, கறுத்தது நகர்ந்தது.

கடைசியில் அவர் திரும்பினார். அந்த உடுப்பில் கழுத்து திரும்பாது. முழு உடம்போடுதான் திரும்ப வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி எங்கள் பக்கம் திரும்பினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி வேகமாக ஆட்டினார். வா வா என்று கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் சரிவில் இறங்கி நாலு எட்டு வைத்தேன். வாட்சர் என்னை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, முகத்தைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டு மேலே ஓடினார். மற்றதை நான் பார்க்கவில்லை. ஃபோம் கிழிகிற சத்தம் கேட்டது. ஓர் ஆள் கத்துகிற சத்தம் கேட்கவே இல்லை.

பட்டாசு போட்டு யானையை விரட்டிவிட்டு அவரைத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இல்லை என்று அப்பா ராத்திரி வந்து சொன்னார். மறுநாள் காலையில் ஆட்கள் தேயிலைக் காட்டில் இறங்கி எஃகனைப் பொறுக்கினார்கள். கொழுந்துச் சாக்கு இரண்டு நிறைந்தது. அதைக் கொண்டுவந்து பெரட்டுக்களத்து ஓரத்தில் வைத்தபோது நான் மட்டும் அழாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாத் துண்டும் வந்துவிட்டதா என்பதுதான் என் கவலை.

வனத்துறை ஆட்கள் வந்தார்கள். அவர்களில் பெரியவராக இருந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆள் ஏன் இப்படி ஒரு வேஷத்தில் அந்த வழியாக வந்தார் என்று மலையாளத்தில் கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. லயமே கூடி நின்றது. முழுதாகத் தெரிந்த ஒருத்தி நான். சொல்ல வாயைத் திறந்தேன். எனக்காகத்தான், என்னைப் பார்க்கத்தான், குறுக்கு வழியில் வந்தார் என்று எல்லோர் முன்னாலும், முக்கியமாகச் செல்வராணி முன்னால், சொல்ல வேண்டும்.

அதற்குள் சித்தி எழுந்துவிட்டாள். அதுவரை சுவரோடு சாய்ந்து கிடந்தவள்.

"நாந்தானுங்க கொண்டாரச் சொன்னேன்" என்றாள். "அந்த உடுப்புக்கு முழங்கால் கிழிஞ்சு போச்சுன்னு சொன்னாரு. கொண்டாங்க, நா தெச்சுக் குடுக்கறேன்னு சொன்னேன். ஜீப்புக்கு நிக்காதீங்க, குறுக்கால வெரசா வந்துருங்க, பொழுதுக்குள்ள தெச்சுப்போடலாம்னு நாந்தான் சொன்னேன்."

"தைக்கக் கொண்டு வந்ததை எதற்குப் போட்டுக்கொண்டு வந்தார்?"

"சொமக்க முடியலைன்னு போட்டுட்டு இருப்பாருங்க."

அவர் எழுதிக்கொண்டார். சாக்கில் இருந்ததில் கிழியாத துண்டே இல்லை. எந்த முழங்கால் முன்னாலேயே கிழிந்தது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

கூட்டத்தில் முதலில் ஒரு மூச்சு எழுந்தது. பிறகு பேச்சு எழுந்தது. "பொம்மைச் சட்டையத் தைக்கவா குறுக்கு வழியில வரச் சொன்ன?" என்று யாரோ கேட்டார்கள். "இவ கால் வெச்ச அன்னிக்கே சொன்னேன்" என்று இன்னொருத்தி சொன்னாள். என் அம்மா சித்தியைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. சித்தி மறுபடி சுவரோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் அவள் தனியாக இருந்தபோது உள்ளே போனேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நீங்க பொய் சொல்லிட்டீங்க. முழங்கால் கிழியவே இல்ல. சித்தப்பா எனக்காகத்தான் வந்தாரு. குறுக்கு வழியில வருவாருன்னு எனக்குத்தான் தெரியும். என்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு."

சித்தி என்னையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நேற்று மூன்றரை மணிக்கு நான் ஆட்டிய தலையை அவள் அப்போது மறுபடி பார்த்திருக்க வேண்டும். அவள் கை மேலே எழுந்தது. அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கை வந்து என் வாயை மூடியது. அமுக்கிய அமுக்கில் உதடு பல்லில் பட்டு ரத்தம் கசிந்தது.

"இத நீ யார்கிட்டயும் சொல்லப்படாது. உங்கம்மாகிட்ட, அப்பாகிட்ட, உன்ற கூட்டாளிப் புள்ளைகள்கிட்ட, ஆருகிட்டயும். உன்ற சித்தப்பன் மேல சத்தியம் பண்ணு சாமி. பண்ணு."

பண்ணினேன். எஃகன் எப்படியும் எழுவான். நான் சத்தியத்தை மீறினால் ஒருவேளை எழாமல் போய்விடலாம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பண்ணினேன். ஆனால் அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை. சித்தப்பா கடைசியாக எனக்குக் கொடுக்க வந்ததை இவள் தனக்கு என்று சொல்லி எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்காக ஒருவர் அப்படி வந்தார் என்று இனி யாருக்கும் தெரியாது. எல்லோரும் இவளுக்காக வந்தார் என்றுதான் சொல்வார்கள்.

சொன்னார்கள். குழாயடியில் சொன்னார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொன்னார்கள். அவள் தண்ணீர் பிடிக்க வந்தால் குடங்கள் நகர்ந்தன. தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளை, துணி துணியாகவே இருக்கட்டும் என்று திருப்பி வாங்கிப் போனார்கள். அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா பேசினாள், பேசாமல் இருந்திருக்கலாம். நானும் என் பங்குக்கு, அவள் கொடுத்த முறுக்கை அவள் கண்முன்னாலேயே கோழிக்குப் போட்டேன். அவள் அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

காரியம் முடிந்து நாலாம் நாள் சித்தி புறப்பட்டாள். தலை முழுகின வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். வேறு போக்கிடம் கிடையாது. தையல் மிஷினை ஜீப்பின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள்.

"போயிட்டு வர்றனுங்க அக்கா. பாப்பாவை எதுவும் கேக்காதீங்க, சின்னப் புள்ளை, பயந்து கெடக்குது" என்றாள்.

"எம் பிள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியும்" என்றாள் அம்மா.

சித்தி என்னைத் தேடினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கண்ணு" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நான் போகவில்லை. ஜீப் திருப்பத்தில் மறைகிறவரை நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா எனக்குச் சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு. போட்டுக்கொண்டே திட்டத் தொடங்கினாள். எங்கிருந்தோ வந்து குடும்பத்தைக் கெடுத்தாள் என்றாள். தன் அவசரத்துக்கு ஓர் உயிரை யானைக் காலில் தள்ளிவிட்டாள் என்றாள். குறுக்கு வழியில் வரச் சொன்ன நாக்கு அழுகிப் போக வேண்டும், அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாது என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இனித்தது. அவை யார்மேல் விழ வேண்டிய வார்த்தைகள் என்று தெரியாமல், தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.